திசு என்றால் நெய்த துணி

பேரப்பிள்ளைகளின் அறிவியல் புத்தகத்தில் வரும் ‘திசு’ என்ற சொல் தமிழும் அல்ல, வடமொழியும் அல்ல. ஆங்கிலத்தில் டிஷ்யூ என்கிறார்கள். ஆங்கிலத்துக்கும் அது சொந்தச் சொல் இல்லை. பிரெஞ்சிலிருந்து கடனாகப் போனது. பிரெஞ்சில் அதற்கு ‘நெய்யப்பட்டது’ என்று பொருள். அதாவது துணி. உதட்டைக் குவித்துக்கொண்டு ‘இ’ சொல்வது போல அதன் கடைசி எழுத்தை ஒலிக்க வேண்டும். அது சரியாக வராமல் எங்கள் லிசே வகுப்பில் பாதிப் பேர் வெறும் ‘திசு’ என்றுதான் சொல்வார்கள். இன்று தமிழ்ப் பாடநூலில் இருப்பதும் அதே ஒலிதான்!

எங்களுக்கு இந்தச் சொல் இரண்டு இடங்களில் வரும். இயற்கை அறிவியல் வகுப்பில் முசியே கரும்பலகையில் எழுதினால் அது உடம்பு சம்பந்தப்பட்டது. கடைப் பெயர்ப் பலகையில் இருந்தால் ஜவுளி. எழுத்துக்கூட்டு ஒன்றே. நம் புதுச்சேரியோ ஆலைச் சங்கு கேட்டு எழுந்த ஊர். ரோடியர் மில், சவானா மில், பாரதி மில் என்று வீட்டுக்கு ஒருவர் தறியோடு சம்பந்தப்பட்டவராக இருந்த காலம் உண்டு. இங்கே சாயம் ஏற்றிய ‘கினே’ என்கிற நீலத் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு, உடம்பும் ஒரு நெசவுதான் என்று சொன்னால் அதிக விளக்கம் தேவைப்படாது.

துணி பிரியாமல் இருப்பதற்குக் காரணம் பாவும் ஊடையும் ஒன்றோடொன்று பின்னியிருப்பது. நம் உடம்பில் 30 லட்சம் கோடிக்கும் அதிகமான செல்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். இவை ஏன் மணல் போலச் சரிந்து விழவில்லை? எது இவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது? பக்கத்துச் செல்லோடு இவை எப்படிப் பேசிக்கொள்கின்றன? இதைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். வீட்டில் நடந்த ஒரு விஷயமும் இதில் வருகிறது. அதனால்தான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

உடம்புக்குத் துணியின் பெயரை நிலைபெறச் செய்தவர் ஸாவியே பிஷா என்கிற பிரெஞ்சு மருத்துவர். 1771இல் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சி கொதித்துக்கொண்டிருந்த 1793இல், லியோன் நகரத்தில் இருக்க முடியாமல் பாரீசுக்கு வந்தார். அங்கே ஒத்தெல் தியூ என்கிற பழைய பெரிய ஆஸ்பத்திரியில், தெசோ என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவரிடம் மாணவராகச் சேர்ந்தார். சில மாதங்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட பிணங்களை அறுத்துப் பார்த்தார் என்று அவர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள்.

அவரிடம் ஒரு விசித்திரம். மைக்ராஸ்கோப்பை அவர் நம்பவில்லை. அக்காலத்து லென்சுகளில் உருவம் மங்கி, ஓரமெல்லாம் வண்ணம் அடிக்கும். ஆளுக்கு ஒன்று தெரியும். அதனால் கண்ணையும் கையையும் நம்பினார். உடம்பின் பகுதிகளைத் தண்ணீரில் ஊறவைத்தார், வேகவைத்தார், காயவைத்தார், அழுகவிட்டார், அமிலத்தில் போட்டார். நம் பெண்கள் புடவை முந்தானையில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டி, இது பட்டா கலப்படமா என்று கண்டுபிடிப்பார்களே, அதே புத்திதான். இப்படிச் சோதித்து, மனித உடம்பு முழுவதும் 21 வகைத் திசுக்களால் ஆனது என்று 1801இல் வெளியான தம் புத்தகத்தில் எழுதினார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். அதுவரை நோய் என்றால் ஈரல் நோய், நுரையீரல் நோய், குடல் நோய் என்று உறுப்பின் பெயரால்தான் பேசினார்கள். பிஷா சொன்னது வேறு. ஒரே வகைச் சவ்வு எந்த உறுப்பைச் சுற்றியிருந்தாலும், நோய் வந்தால் ஒரே மாதிரிதான் கெடும். ஆகவே நோய் உறுப்பில் இல்லை, அதன் நெசவில் இருக்கிறது என்றார். மறு வருஷமே, 1802 ஜூலையில், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் விழுந்து, அதன் பின் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். வயது முப்பதுதான். பாரீசில் அவர் பெயரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஐஃபெல் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

துணியைப் பிஷா பார்த்தார், நூலைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்க நல்ல லென்சு வர வேண்டியிருந்தது. 1665இலேயே இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவிப் பார்த்து, அதிலிருந்த சின்னச் சின்ன அறைகளுக்குச் ‘செல்’ என்று பெயர் வைத்திருந்தார். ஆனால் செடிகள் எல்லாம் செல்களால் ஆனவை என்று 1838இல் ஷ்லைடனும், விலங்குகளும் அப்படியே என்று 1839இல் ஷ்வானும் சொன்ன பிறகுதான் அது எல்லோருக்கும் பொதுவான உண்மையாயிற்று. 1858இல் பெர்லினில் விர்ஷோ, உடம்பு என்பது செல்கள் குடிமக்களாக வாழும் ஒரு நாடு என்று விளக்கினார். நாடு என்றால் குடிமக்களுக்குள் உறவு வேண்டுமே? அந்த உறவு எது என்பது அப்போது விளங்கவில்லை.

முதல் துப்பு தோலில் கிடைத்தது. மேல்தோலின் நடு அடுக்கில் உள்ள செல்களைச் சுற்றி முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். 1860களில் இத்தாலியில் ஜூலியோ பிட்சோசெரோ என்கிற இளைஞர் இதைக் கூர்ந்து பார்த்தார். ஒரு செல்லின் முள்ளும் பக்கத்துச் செல்லின் முள்ளும் நுனியோடு நுனி சேர்கின்றன. சேரும் இடத்தில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது என்றார். 1920இல் ஷாஃபர் என்பவர் அந்த முடிச்சுக்கு ‘டெஸ்மோசோம்’ என்று கிரேக்கத்தில் பெயர் வைத்தார். கட்டு, உடல் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது அது. ஆனாலும் அந்த முடிச்சு வழியாக ஒரு செல்லின் உள்சாறு அடுத்த செல்லுக்குள் நேரடியாகப் பாய்கிறது என்றே பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1950களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகுதான், இரண்டு செல்களுக்கும் தனித்தனிச் சுவர் உண்டு, நடுவில் இடைவெளியும் உண்டு, முடிச்சு வெறும் பிடிப்பு மட்டுமே என்று தெளிவாயிற்று. சட்டையில் வைக்கும் அழுத்துப் பொத்தானை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ஒரு பாதி, அந்தப் பக்கம் ஒரு பாதி.

1963இல் அமெரிக்காவில் மெரிலின் ஃபார்குவர், ஜார்ஜ் பலாட் இருவரும் இந்தப் பிடிப்புகளை வரிசைப்படுத்தினார்கள். குடல் போன்ற இடங்களில் செல்களின் மேல் விளிம்பில் ஒரு இறுக்கமான அடைப்பு. தொட்டிக்குச் சிமெண்டு பூசுவது போல, உள்ளே இருப்பது கசியாமல் பார்த்துக்கொள்கிறது. அதற்குக் கீழே இடுப்புப் பட்டை போல ஒரு பிடிப்பு. அதற்கும் கீழே நம் பொத்தான்கள்.

சரி, பொத்தான் இருக்கிறது. எந்தச் செல் எதோடு பொத்தான் போட்டுக்கொள்வது என்று யார் தீர்மானிப்பது? இதற்கான சோதனை கடற்கரையில் நடந்தது. 1907இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்சன் என்ற பேராசிரியர், கடல் பஞ்சு என்கிற உயிரினத்தைத் துண்டாக்கி, மாவு சலிக்கும் பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தார். நம் வீட்டில் தேங்காய்ப் பால் பிழிவது போலத்தான். செல் செல்லாகப் பிரிந்து தண்ணீரில் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் அவை ஊர்ந்து, ஒன்றையொன்று தொட்டு, ஒட்டி, சின்னக் கட்டிகளாகி, சில நாட்களில் மறுபடியும் முழுக் கடல் பஞ்சாக வளர்ந்தன. இரண்டு இனங்களைக் கலந்து விட்டால், தத்தம் இனத்தோடுதான் சேர்ந்தன. யாரும் கட்டளை போடவில்லை, மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் சிதறிய குடும்பம் ஒன்றையொன்று தேடிச் சேர்வது போல, செல்லுக்குத் தன் ஆள் யார் என்று தெரிந்திருக்கிறது. 1955இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃப்ரெட்டர் என்ற இருவர் தவளை வகைக் கருக்களின் செல்களைப் பிரித்துக் கலந்துவிட்டார்கள். தோலாக வேண்டியவை வெளியேயும், நரம்பாக வேண்டியவை உள்ளேயும் தாமாகவே போய் அமர்ந்தன.

ஒட்டுவதற்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், வேண்டும் என்பது 1900இலேயே தெரிந்திருந்தது. ஹெர்ப்ஸ்ட் என்ற ஜெர்மானியர், கால்சியம் இல்லாத கடல் நீரில் கடல் முள்ளெலிக் கருவைப் போட்டால் செல்கள் உதிர்ந்துவிடுகின்றன என்று காட்டினார். கால்சியம் அங்கே என்ன செய்கிறது என்பது தெரிய முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த தாகேச்சி 1970களின் நடுவில் அமெரிக்காவின் பால்டிமோருக்கு ஆய்வு செய்யப் போனார். ஊரில் அவர் பிரித்த செல்கள் சீக்கிரமே திரும்ப ஒட்டிக்கொள்ளும். இங்கே அதே வேலையைச் செய்தால் ஒட்டவில்லை. இரண்டு இடத்துக் கரைசல்களையும் ஒப்பிட்டார். பால்டிமோர் கரைசலில் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு ரசாயனம் கலந்திருந்தது. அப்படியானால் செல்லின் மேல் ஒரு புரதம் இருக்கிறது, கால்சியம் இருக்கும் வரை அது சிதையாமல் நிற்கும், கால்சியம் போனால் அழியும் என்று புரிந்துகொண்டு 1977இல் எழுதினார். 1984இல் அந்தப் புரதத்துக்குக் ‘கேட்ஹெரின்’ என்று பெயர் வந்தது.

அதே 1977இல் பாரீசின் பாஸ்தர் நிலையத்தில் ஃபிரான்சுவா ழகோப் குழுவினரும் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். இவரைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1940இல் பிரான்சு விழுந்தபோது இவர் பாரீசில் மருத்துவ மாணவர். படிப்பை விட்டுக் கப்பலேறி லண்டன் போய், தெ கோல் படையில் சேர்ந்தார். அந்த வருஷம்தான் நம் புதுச்சேரியும், கவர்னர் போன்வேன் காலத்தில், தெ கோல் பக்கம் நிற்பதாக அறிவித்தது. ஆப்பிரிக்கப் போர்முனையில் மருத்துவ உதவியாளராக இருந்த ழகோப், 1944இல் நோர்மாந்தியில் குண்டடி பட்டார். அறுவை மருத்துவர் ஆகும் கனவு அந்தக் காயத்தோடு முடிந்தது. ஆராய்ச்சிக்கு வந்து 1965இல் நோபல் பரிசு வாங்கினார்.

எலியின் கரு எட்டுச் செல்லாக இருக்கும் கட்டத்தில், தளர்வாக இருந்த செல்கள் திடீரென்று நெருங்கி ஒரு பந்து போல ஆகும். ழகோப் குழுவில் இருந்த ரோல்ஃப் கெம்லர் முதலானோர் முயலிலிருந்து எடுத்த ஒரு எதிர்ப்பொருளை விட்டுப் பார்த்தார்கள். கரு பந்தாகவில்லை, திராட்சைக் குலை போலவே நின்றது. எதிர்ப்பொருளைக் கழுவி எடுத்தால் மறுபடி இறுகியது. அந்த எதிர்ப்பொருள் மறைத்தது எதையோ, அதுதான் பசை. திராட்சைக்குரிய இலத்தீன் சொல்லைச் சேர்த்து அதற்கு ‘உவோமொருலின்’ என்று பெயரிட்டார்கள். பிறகு பார்த்தால், தாகேச்சியின் கேட்ஹெரினும் இதுவும் ஒன்றே.

இதுவரை சொன்னது பிடிப்பு. இனிப் பேச்சு. அலுவலகத்தில் இரண்டு வகைச் செய்தி உண்டு. ஒன்று தபால் பிரிவு வழியாகப் போவது. அது ஊர் சுற்றி எங்கோ இருப்பவருக்குச் சேரும். மற்றது பக்கத்து மேஜைக்காரரிடம் நேராகக் கொடுப்பது. உடம்பில் முதல் வகைக்குப் பெயர் ஹார்மோன். 1905இல் ஸ்டார்லிங் வைத்த பெயர். இரத்தம்தான் தபால்காரர். இரண்டாவது வகை இருக்கிறது என்பது 1964இல் லோவென்ஸ்டீன், கன்னோ இருவரால் கண்ணுக்கே தெரிந்தது. பழ ஈயின் புழுவில், உமிழ்நீர்ச் சுரப்பிச் செல் ஒன்றுக்குள் ஒளிரும் சாயத்தைச் செலுத்தினார்கள். சாயம் வெளியே கசியாமல் பக்கத்துச் செல்லுக்கும், அங்கிருந்து அதற்கடுத்த செல்லுக்கும் போனது. ஆறு புரதங்கள் வளையமாக நின்று ஒரு குழாய் ஆகின்றன. இரண்டு செல்களின் குழாய்கள் எதிரெதிரே பொருந்தி ஒரே வழியாகின்றன என்பது பின்னால் தெரிந்தது. உப்பு, சர்க்கரை போன்ற சின்னப் பொருள்கள் இதில் போய்வரும். பெரிய புரதங்கள் போகா. ஒரு செல் காயப்பட்டால் அந்த வழி மூடிக்கொள்ளும். தீப்பிடித்த வீட்டின் கதவைச் சாத்துவது போல, கேடு அண்டை வீட்டுக்குப் பரவாமல் இருக்க.

நம் இதயம் இந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கிறது. ஒரு செல்லில் எழும் மின் துடிப்பு இந்தக் குழாய்கள் வழியாகவே அடுத்ததற்குப் போகிறது; அதனால்தான் எல்லாம் ஒன்றாகச் சுருங்குகின்றன. அப்படி ஒவ்வொரு துடிப்பிலும் இழுபடும்போது பிய்ந்துவிடாமல் பிடித்திருப்பவை பொத்தான்கள். காதுக்கும் அப்படியே. உட்செவியில் இந்தக் குழாய்ப் புரதம் ஒன்று பழுதானால் குழந்தை பிறவியிலேயே காது கேளாததாகப் பிறக்கும் என்று 1997இல் கண்டுபிடித்தார்கள். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அந்தப் பழுது வந்தால்தான் பெரும்பாலும் குறை தெரியும். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்திலேயே பெண் கட்டும் நம் பக்கத்தில் இதை யோசிக்க வேண்டும்.

இனி வீட்டுக் கதை. வில்லியனூரில் வாழ்க்கைப்பட்ட என் மூத்த அக்காவுக்கு 1989இல் வாய்ப்புண் வந்தது. உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப் பால் எல்லாம் கொடுத்தார்கள். நான்கு மாதம் ஆறவில்லை. பிறகு முதுகிலும் மார்பிலும் கொப்புளம். தொட்டால் உடையும், உடைந்தால் தோல் உரியும், புடவை ஒட்டிக்கொண்டு வரும். தெருவில் அம்மை என்றார்கள், வேறு சிலர் நாகதோஷம் என்றார்கள். வேப்பிலை கட்டினார்கள். அக்கம்பக்கத்தார் வருவது நின்றது. மாமா ஒருவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து வாழையிலையில் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். கொப்புளம் இல்லாத நல்ல தோலில் கட்டை விரலை வைத்து மெல்லத் தேய்த்தார். தோல் நழுவியது. 1896இல் கீவ் நகரத்து நிக்கோல்ஸ்கி சொன்ன சோதனை அது என்று பின்னால் படித்தேன். “அம்மா, இது அம்மை இல்லே. யாருக்கும் ஒட்டாது. பேரப்பிள்ளையைத் தாராளமாத் தூக்கிக்கலாம்,” என்றார். அக்கா அன்றுதான் அழுதாள்.

பெம்ஃபிகஸ் என்பது அந்த நோயின் பெயர். ஸ்டீராய்டு மருந்து வருவதற்கு முன், வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருஷங்களில் இறந்துவிடுவார்கள். தோல் செல்கள் ஒன்றையொன்று விட்டுவிடுவதே இதன் அடையாளம் என்று 1943இல் பாரீசில் சிவாத் காட்டினார். நோயாளியின் இரத்தமே தன் தோலைத் தாக்குகிறது என்று 1964இல் அமெரிக்காவில் பியூட்னர், ஜோர்டன் இருவரும் கண்டார்கள். எதைத் தாக்குகிறது என்பது 1991இல் தெரிந்தது. பிட்சோசெரோ பார்த்த அதே முடிச்சில் உள்ள ஒரு புரதம். கேட்ஹெரின் குடும்பத்தைச் சேர்ந்தது. அமகாய், ஸ்டான்லி குழுவினரின் கண்டுபிடிப்பு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள், தன் பொத்தானையே எதிரி என்று நினைத்துக் கழற்றுகிறது.

அக்காவுக்குக் கொடுத்தது டில்லி எய்ம்ஸில் பஸ்ரிச்சா என்ற தோல் மருத்துவர் 1980களில் ஏற்படுத்திய சிகிச்சை முறை. மாதம் ஒரு முறை மூன்று நாள் தொடர்ந்து நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும். நான் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போவேன். ஒன்றரை வருஷத்தில் தோல் மூடியது. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருந்து, இரண்டு பேத்திகள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு, வேறு காரணத்தால் போனாள். இன்று இதைவிட நல்ல மருந்தும் வந்துவிட்டது. ரிட்டுக்சிமாப் என்ற ஊசி மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால் பலன் கூடுதல் என்று பிரான்சின் ரூவான் நகர மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது.

பிடிப்பு விடுவதால் வரும் இன்னொரு கேடு புற்றுநோய். கட்டி ஓர் இடத்தில் இருக்கும் வரை வெட்டி எடுக்கலாம். செல் தன் பிடியை விட்டுக் கிளம்பிப் போனால்தான் ஆபத்து. நியூசிலாந்தில் ஒரு மவோரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக, இளம் வயதிலேயே பலர் இரைப்பைப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார்கள். கேட்ஹெரின் வகை ஒன்றின் மரபணுவில் பழுது இருப்பதே காரணம் என்று 1998இல் தெரிந்தது. இப்போது அப்படிப்பட்ட குடும்பங்களில் இரத்தப் பரிசோதனை செய்து, பழுது உள்ளவர்களை முன்கூட்டியே காப்பாற்ற முடிகிறது.

பிஷா, நோய் உறுப்பில் இல்லை, நெசவில் இருக்கிறது என்றார். மைக்ராஸ்கோப்பைத் தொடாமலே சொன்னார். முடிச்சையும் புரதத்தையும் பார்க்க அவருக்குப் பின் எத்தனையோ பேர் வர வேண்டியிருந்தது: ஓர் இத்தாலிய இளைஞர், பட்டுத் துணியில் பிழிந்த ஓர் அமெரிக்கர், கரைசலைச் சந்தேகப்பட்ட ஒரு ஜப்பானியர், போரில் காயம்பட்ட ஒரு பிரெஞ்சுக்காரர்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்ப்புண் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் கீரையோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கொப்புளம் வந்தவரைக் கண்டு விலகிப் போகாதீர்கள். என்ன நோய் என்று மருத்துவர் சொல்லட்டும்.